சாட்டின் சைக்ளோனின் முதல் சிங்கிள்

தாம்பூலப் பையில் ஒரு தேங்காய், வெற்றிலை பாக்கு, கூடவே ஒரு கிளாம் மெட்டல் கேசட். இப்படி ஒரு கல்யாணம் பம்மலில் அதற்கு முன்னால் நடந்ததில்லை, பின்னால் நடந்ததாகவும் தகவல் இல்லை. தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஆவணியில் சுப்பராயலு வீட்டுப் பெண் சாமுண்டீஸ்வரிக்குக் கல்யாணம். சாப்பிட்டுக் கை கழுவி வந்த முந்நூறு பேருக்கும் மண்டப வாசலில் அந்தப் பையைக் கொடுத்தார்கள். கேசட்டின் அட்டையில் மூன்று பேர் நின்றார்கள். மூவருக்கும் தோளுக்குக் கீழே முடி, கண்ணில் மை, உதட்டில் சாயம். கூடுவாஞ்சேரியிலிருந்து வந்திருந்த, மணப்பெண்ணின் பெரியம்மா பொன்னியம்மாள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இந்த மூணு பொண்ணுங்க யாரு? மாப்ள வூட்டு சைடா?" என்றாள்.

அந்த மூன்று பெண்களில் நடுவில் நின்றவன் எட்மண்ட். பாடுகிறவனும் அவன்தான், பாஸ் கிட்டார் வாசிக்கிறவனும் அவன்தான். அஸ்தினாபுரத்தில் வீடு. பள்ளிக்கூட ஆசிரியை மெட்டில்டாவுக்கு ஒரே பிள்ளை. இடப்பக்கம் நின்றவன் யக்ஞநாராயணன், குரோம்பேட்டைக்காரன், லீட் கிட்டார். வலப்பக்கம் நின்றவன் கல்யாணப் பெண்ணின் அண்ணன் ஜெயவேலு, டிரம்ஸ். கேசட்டைத் தாம்பூலப் பையில் போடும் யோசனையும் அவனுடையதுதான். மூவரும் சேர்ந்தால் சாட்டின் சைக்ளோன். சாட்டின் என்றால் பளபளக்கிற ஒரு துணி என்று எட்மண்ட் அம்மாவிடம் நான்கு தடவை விளக்கினான். மெட்டில்டா நான்கு தடவையும் சாத்தான் என்றே காதில் வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சபையில் அவனுக்காக விசேஷ ஜெபம் வைத்தாள்.

கிளாம் மெட்டல் என்றால் காதைக் கிழிக்கும் கிட்டார், உச்சத்துக்குப் போய்க் கீச்சிடும் குரல், எல்லாவற்றுக்கும் மேலே முடி. முடி இல்லாவிட்டால் அது வெறும் மெட்டல்தான், கிளாம் வெளியே போய்விடும். இது மூவருக்கும் நன்றாகத் தெரியும். இரண்டு வருஷம் எண்ணெய் தடவித் தடவி வளர்த்தார்கள். அப்படியிருக்க, ஆனி மாதம் தங்கைக்கு வரன் குதிர்ந்த கையோடு ஜெயவேலு குடும்பத்தோடு திருப்பதி போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றான். தலையில் சந்தனம் வேறு.

"நேந்துகினது எங்கம்மா. முடி என்னுது. இன்னா பண்ணச் சொல்ற?" என்றான்.

அட்டையில் அவன் தலையில் இருப்பது பல்லாவரத்தில் நாடக சாமான் வாடகைக்கு விடும் கடையிலிருந்து எடுத்த விக். திரௌபதி வேஷத்துக்குப் போவதாம். துகில் உரியும் கட்டத்துக்கு என்றே செய்தது என்பதால் மூன்று பேரில் அவனுக்குத்தான் முடி அதிகம்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாத விஷயம் ஒன்று எட்மண்டின் நெஞ்சுக்குள் இருந்தது. ஆடி மாதம் சிட்டியில் ஒரு ஸ்டூடியோவில் பாட்டைப் பதிவு செய்தார்கள். 'ஏஞ்சல் ஆஃப் ஜி.எஸ்.டி. ரோட்' என்று பெயர். விமான நிலையத்தை ஒட்டிப் போகும் அந்த ஜி.எஸ்.டி. ரோட்டில் மோட்டார் சைக்கிளில் வரும் ஒரு தேவதையைப் பற்றி எட்மண்ட் எழுதிய இங்கிலீஷ் பாட்டு, நாலரை நிமிஷம். ஹோட்டல்களில் ஷோ நடத்துகிற லாசரஸ் என்பவர் அன்றைக்கு வந்து கேட்டுவிட்டு எட்மண்டைத் தனியாகக் கூப்பிட்டார். பாட்டு சரி, கிட்டார் சரி, மொட்டைத் தலையோடு ஒரு டிரம்மர் சரியில்லை, என்னிடம் இடுப்பு வரை முடி வைத்த ஒரு டிரம்மர் இருக்கிறான், அவனைப் போட்டுக்கொண்டால் டிசம்பரில் உங்களுக்கு மேடை உண்டு என்றார். முடி வளர்ந்துவிடும் சார் என்று எட்மண்ட் சொல்லிப் பார்த்தான். டிசம்பருக்குள் வளராது என்று அவர் ஒரே பேச்சாக முடித்துவிட்டார்.

ஜெயவேலு புரோட்டா வாங்க வெளியே போயிருந்தான். அவன் திரும்பி வருவதற்குள் எட்மண்டும் யக்ஞாவும் பேசி முடிவு செய்துவிட்டார்கள். தங்கச்சி கல்யாணம் முடியட்டும், அதன் பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆறாம் வகுப்பிலிருந்து கூடப் படித்தவன். தன் அப்பாவின் பழைய தோல் ஷெட்டைக் கழுவிவிட்டு மூன்று வருஷமாக அவர்களுக்குப் பிராக்டீஸ் செய்யக் கொடுத்தவன். அவனிடம் எட்மண்ட்தான் சொல்ல வேண்டும், வேறு வாயிலிருந்து அவன் காதுக்குப் போய்விடக் கூடாது. எட்மண்டுக்கு இருந்த ஒரே கவலை அதுதான். லாசரஸுக்குப் பம்மலில் ஒருத்தரையும் தெரியாது, அவரை விட்டால் விஷயம் தெரிந்தது இரண்டு பேருக்கு மட்டும் என்பதால் அந்தக் கவலையையும் அவன் பாதியாகத்தான் பட்டான்.

கல்யாணம் முடிந்து நான்காம் நாள், ஜெயவேலுவிடம் பேசுவதற்காக எட்மண்ட் பம்மலுக்குப் போனான். பஸ்ஸை விட்டு இறங்கி, தைரியத்துக்கு ஒரு டீ குடிக்கலாம் என்று முனைக் கடைக்குள் நுழைந்தான். கடைக்காரர் துரைராஜ் ஜெயவேலுவுக்கு ஒருவகையில் மாமா முறை. கல்யாணத்துக்கு வந்து பையும் வாங்கியவர்.

"கேசட் கேட்டேன். நல்லா பேசறீங்க," என்றார் துரைராஜ்.

பாடறீங்க என்று சொல்ல வந்தவருக்கு வாய் தவறிவிட்டது என்று எட்மண்ட் நினைத்துக்கொண்டான். "தேங்க்ஸ் அண்ணா," என்றான்.

"தேங்க்ஸா," என்றார் துரைராஜ். டீ கிளாஸை டொக் என்று வைத்தார். பாதி டீ மேஜைக்குப் போய்விட்டது.

கடையை விட்டு வெளியே வந்தால் எதிரில் பொன்னியம்மாள். மறுவீட்டு விருந்துக்காகத் தங்கிவிட்டவள், கையில் பூவோடு வந்துகொண்டிருந்தாள். அவனை மேலும் கீழும் பார்த்து, அட்டையில் இருந்த பெண் இவன்தான் என்று கண்டுபிடித்துவிட்டாள்.

"பாட்டு ஒண்ணும் புரியல சாமி. ஆனா கடைசியில எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு," என்றாள்.

எட்மண்டுக்குத் தலைகால் புரியவில்லை. கடைசிச் சரணத்தில் தேவதையின் மோட்டார் சைக்கிள் விமான நிலையத்தைத் தாண்டி வானத்தில் மறைந்துவிடும். அவனே எழுதும்போது கண்ணீர் விட்ட இடம். இங்கிலீஷில் ஒரு வார்த்தை தெரியாத கூடுவாஞ்சேரி அம்மாளையே அழ வைத்துவிட்டோம் என்றால் டிசம்பரில் மேடை என்ன ஆகும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான்.

"நெஜமாவா பெரியம்மா? அவ்ளோ புடிச்சுதா?"

"புடிக்கறதாவது. கூடப் பொறந்தவன் மாதிரி பழகிட்டு எப்படிப்பா மனசு வருது," என்று சொல்லிவிட்டு அவள் நடந்துவிட்டாள்.

தேவதையைப் பற்றிச் சொல்கிறாளா, மோட்டார் சைக்கிளைப் பற்றிச் சொல்கிறாளா என்று அவனுக்கு விளங்கவில்லை. பாட்டில் கூடப்பிறந்தவன் யாரும் வரவில்லை. குழப்பத்தோடு ஷெட்டுக்குப் போனான். ஜெயவேலு இல்லை. வாசலில் சுப்பராயலு நாற்காலி போட்டு உட்கார்ந்து, மண்டபத்திலிருந்து திரும்பிய பாத்திரங்களை எண்ணி வாங்கிக்கொண்டிருந்தார். எப்போதும் வா தம்பி என்பவர் இன்றைக்கு நிமிரவில்லை.

"ஷெட்ட எப்ப காலி பண்றீங்க?" என்றார்.

"அங்கிள்?"

"எம்புள்ள இல்லாத பேண்டுக்கு எம்புள்ள ஷெட்டு எதுக்கு? இல்ல, இருக்கற வரைக்கும் இருந்துட்டுப் போலாம்னு பிளானா?"

  எட்மண்ட் ஏதோ உளறிவிட்டு நேரே பஸ் ஏறினான். டீக்கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது, பெரியம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது, அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. ஜெயவேலுவுக்கு? இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம் பம்மல் முழுக்கத் தெரிகிறது என்றால் அந்த இரண்டில் ஒருத்தன் வாயைத் திறந்திருக்க வேண்டும். நான் திறக்கவில்லை. அப்படியானால் யக்ஞா. இந்தக் கணக்கில் ஒரு ஓட்டையும் இல்லை.

குரோம்பேட்டையில் கஸ்தூரிரங்கனின் ரெக்கார்டிங் சென்டர் வாசலில் யக்ஞா நின்றிருந்தான். எட்மண்ட் வாயைத் திறப்பதற்குள் யக்ஞாவே முந்திக்கொண்டான்.

"ஏன்டா சொன்னே?" என்றான் யக்ஞா.

"நான் கேக்க வேண்டியத நீ கேக்கறியா? நீதான்டா சொல்லியிருக்கே."

"நான் யார்கிட்ட சொல்றது? அவாத்து மனுஷா யாரையும் எனக்குத் தெரியவே தெரியாது. காலம்பற ஜெயவேலுவோட சித்தப்பா ஒருத்தர் பேங்க் வாசல்ல என்னைப் புடிச்சிண்டு, அய்யர் வீட்டுப் புள்ள இப்படிப் பண்ணலாமான்னு கேக்கறார். உனக்குத்தான் அவா எல்லாரும் பழக்கம்."

"எங்கம்மா மேல சத்தியமா நான் சொல்லல."

"எங்கப்பா மேல சத்தியமா நானும் சொல்லல."

இரண்டு சத்தியங்களும் உண்மை. ஆனாலும் ஊருக்குத் தெரிந்துவிட்டது. இருவரும் முழித்துக்கொண்டு நிற்கும்போது கஸ்தூரிரங்கன் கடைக்குள்ளிருந்து தலையை நீட்டினார். முந்நூறு கேசட்டிலும் பாட்டைக் காப்பி போட்டுக் கொடுத்தவர் அவர்தான். கர்நாடக சங்கீதப் பைத்தியம், தொழிலில் பயங்கர நேர்மை.

"வாங்கோ வாங்கோ. கேட்டேளா? பாட்டக் காட்டிலும் அந்தப் பேச்சு ரொம்பத் தெளிவா விழுந்திருக்கு," என்றார்.

"எந்தப் பேச்சு சார்?" என்றான் எட்மண்ட்.

கஸ்தூரிரங்கனுக்கு ஒரு கொள்கை உண்டு. யாராவது அறுபது நிமிஷ கேசட்டைக் கொடுத்துப் பன்னிரண்டு பாட்டு எழுதிக் கொடுத்தால், பாட்டுகள் முடிந்து மிஞ்சும் டேப்பை அவர் காலியாக விடமாட்டார். ஒரு வயலினோ புல்லாங்குழலோ போட்டு நிரப்பித்தான் கொடுப்பார். காலி டேப்பைக் கொடுப்பது பாவம் என்பது அவர் கட்சி. சிங்கிள் என்று சொல்லி எட்மண்ட் ஒரே ஒரு பாட்டோடு ஸ்டூடியோவின் டேப் ஸ்பூலைக் கொண்டுவந்து கொடுத்தபோது அவருக்குத் தூக்கமே போய்விட்டது. டீக்கடையில் சிங்கிள் கேள்விப்பட்டிருக்கிறார், கேசட்டில் கேள்விப்பட்டதில்லை. இத்தனை டேப்பைச் சும்மா விடுவதா என்று ஸ்பூலைக் கடைசி வரை ஓட்டிப் பார்த்திருக்கிறார். பாட்டுக்குப் பிறகு இன்னும் பத்து நிமிஷத்துக்குச் சரக்கு இருந்தது.

"டிராமா மாதிரி ஏதோ போட்டிருக்கேள்னு நெனச்சேன். ஸ்பூல் கால் மணி. சைடுக்கு ரெண்டு தடவை வந்தது. ஏ சைடு, பி சைடு, மொத்தம் நாலு தடவை. ஒரு இன்ச் டேப்கூட வேஸ்ட் இல்ல," என்றார் பெருமையாக.

அவரே போட்டும் காட்டினார். ஏஞ்சல் பறந்து போனாள், கிட்டார் ஓய்ந்தது, ஜெயவேலுவின் கடைசி அடி விழுந்தது. இங்கேதான் எட்மண்டும் யக்ஞாவும் ஒவ்வொரு தடவையும் பொத்தானை அமுக்கி, ரீவைண்ட் செய்து, மறுபடி தங்கள் பாட்டையே கேட்டு ரசித்துக்கொண்டிருந்தார்கள். நாலரை நிமிஷத்துக்கு மேல் அந்த கேசட்டை அவர்கள் கேட்டதே கிடையாது. பாட்டு புரியாத மற்ற முந்நூறு பேரும், அடுத்ததாகவாவது ஒரு தமிழ்ப் பாட்டு வராதா என்று ஓடவிட்டுக் காத்திருந்திருக்கிறார்கள்.

கொஞ்சம் இரைச்சல். பாட்டு முடிந்த பிறகு ஸ்டூடியோவில் யாரும் டேப்பை நிறுத்தவில்லை போலிருக்கிறது. கதவு சாத்தும் சத்தம். அப்புறம் யாரோ ஒருவன் மூக்கால் பேச ஆரம்பித்தான்.

'மொட்டத் தலைய வெச்சிக்கிட்டு கிளாம் மெட்டலா? லாசரஸ் சொல்றதுதான் கரெக்ட். ஜெயவேலுவைக் கழட்டி விட்டுடலாம். கல்யாணம் முடியட்டும். ஷெட்டு இருக்கறவரைக்கும் யூஸ் பண்ணிக்கலாம்.'

'என்னன்னுடா சொல்லுவே?' இது யக்ஞா, சந்தேகமே இல்லை.

'டைமிங் இல்லன்னு சொல்லுவேன். அவன் அடிக்கறது தாளத்த முந்திக்கிட்டு ஓடுதுடா, கவனிக்கலியா? நானே சொல்லிக்கறேன்.'

"யார் இது?" என்றான் எட்மண்ட். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான். அந்தக் குரல் சின்னத்தனமாக, அவசரமாக, ஏதோ தரகன் பேசுவதுபோல் இருந்தது. ஸ்டூடியோவில் வேலை பார்த்த ஆளாக இருக்குமோ என்றுகூடத் தோன்றியது.

யக்ஞா அவனை ஒரு மாதிரி பார்த்தான். "நீதான்டா," என்றான்.

எட்மண்ட் இன்னொரு தடவை போடச் சொன்னான். பாட்டில் ஒலித்த குரல் அவனுக்குத் தன்னுடையதாகவே தெரிந்தது. அதை அடுத்து வந்த குரல் மட்டும் எத்தனை தடவை கேட்டாலும் வேறு ஒருத்தனுடையதாகவே இருந்தது. ஷெட்டு இருக்கறவரைக்கும் யூஸ் பண்ணிக்கலாம் என்று தான் சொன்னதாக ஞாபகமே வரவில்லை. டைமிங் விஷயம் மட்டும் லேசாக நினைவு வந்தது. வெட்கம் காதுவரை சுட்டது. கஸ்தூரிரங்கன் ஒன்றும் புரியாமல், வால்யூம் போதுமா என்று கேட்டார்.

அடுத்த பஸ்ஸிலேயே மறுபடியும் பம்மல் போனான். யக்ஞா வரமாட்டேன் என்றுவிட்டான். வழியெல்லாம் ஒரே ஒரு பிரார்த்தனைதான் அவனுக்கு. ஜெயவேலுவும் தங்களைப் போலப் பாட்டு முடிந்ததும் நிறுத்துகிற ஜாதியாக இருக்க வேண்டும். அவன் டிரம்ஸ்தானே அவனுக்கு முக்கியம், பேச்சுவரை ஏன் ஓடவிடப் போகிறான்? ஊரில் ஒருத்தருக்கும் அவனிடம் நேரில் சொல்ல மனசு வந்திருக்காது. இன்னும் நேரம் இருக்கிறது. நானே முதலில் சொல்லிவிடலாம்.

ஜெயவேலு ஷெட்டில் இருந்தான். டிரம்ஸுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். தலையில் ஒன்றரை அங்குலத்துக்கு முடி முள்ளுமுள்ளாக வளர்ந்திருந்தது. முன்னால் டேப் ரெக்கார்டர், கேசட் நின்றிருந்தது.

"வா மச்சான். ஒக்காரு," என்றான்.

எட்மண்ட் உட்கார்ந்தான். பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததெல்லாம் பறந்துவிட்டது. "கேசட்ல ஒரு தப்பு நடந்துடுச்சுடா," என்று மட்டும் வந்தது.

"தெரியும். கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடியே கேட்டுட்டேன்."

"முன்னாடியா?"

"மூட்டையப் பிரிச்சதும் ஒண்ண எடுத்துப் போட்டேன். அது பாட்டுக்கு ஓடிகினு இருந்துச்சு, நான் பாட்டுக்குப் பைல ஒவ்வொண்ணா போட்டுகினு இருந்தேன்."

எட்மண்டுக்குக் குழப்பம் தலைக்கு ஏறியது. "கேட்டதுக்கு அப்புறமும் பைல போட்டியா? எல்லாருக்கும் குடுத்தியா? ஏன்டா? உன் மானம்தானடா போவும்."

ஜெயவேலு ஒரு குச்சியை எடுத்து அதன் நுனியைப் பார்த்தான். "இன்னொரு தபா காப்பி போட நாள் இல்ல. குடுக்காம வுட்டுருக்கலாம். ஆனா நான் அடிச்ச பாட்டு அது ஒண்ணுதான மச்சான். இனிமே எந்தப் பாட்டுல நான் கீறன்? எங்க சொந்தக்காரங்க எல்லாரும் ஒரு தபா கேக்கட்டும்னு நெனச்சேன். பாட்டு முடிஞ்சதும் நிறுத்திடுவாங்கன்னு பாத்தேன். நிறுத்தல."

 எட்மண்டுக்கு அழுகை வந்தது, அழ உரிமை இல்லை என்றும் பட்டது. "லாசரஸ்கிட்ட முடியாதுன்னு சொல்லிடறேன். நீ இல்லாம பேண்டு இல்லடா," என்றான்.

"அத்த வுடு. நீ போ, நல்லா வருவ. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போ." ஜெயவேலு டேப் ரெக்கார்டரை அவன் பக்கம் நகர்த்தினான். "டைமிங் இல்லன்னியே. எந்த எடத்துல?"

"என்னது?"

"ஒரு வாரமா கேட்டுகினே கீறன். நூறு தபா இருக்கும். எங்க ஓடுதுன்னு எனக்குத் தெர்ல. உனக்குக் காது நல்லாயிருக்கும். எந்த எடம்னு காட்டு, நான் சரி பண்ணிக்கறேன். வேற யார் கூடயாவது வாசிச்சா உதவும்."

பொத்தானை அமுக்கினான். பாட்டு ஓடியது. எட்மண்ட் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் குரலை விட்டுவிட்டு டிரம்ஸை மட்டும் கேட்டான். ஆரம்பத்தில் இல்லை. முதல் சரணத்தில் இல்லை. நடுவில் யக்ஞாவின் கிட்டார் தறிகெட்டுப் பறக்கும் இடத்தில் இருக்கும் என்று கூர்ந்து கேட்டான். அங்கேயும் ஜெயவேலு கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்ற இடத்தில் நின்றிருந்தான். ஓடியது யக்ஞாதான். இரண்டாம் சரணத்தில் எட்மண்டே கொஞ்சம் முந்திப் பாடியிருந்தான், அவனையும் பிடித்து இழுத்து வந்து சேர்த்திருந்தது அந்த டிரம்ஸ்தான். நாலரை நிமிஷம் முடிந்தது. ஜெயவேலு நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பார்த்தான்.

"எங்கயும் இல்லடா," என்றான் எட்மண்ட். "சத்தியமா எங்கயும் இல்ல. நான் சும்மா ஒரு காரணத்துக்காகச் சொன்னது."

ஜெயவேலு மெல்லச் சிரித்தான். எட்மண்டின் தொடையில் ஒரு தட்டுத் தட்டினான்.

"எம்மேல பாவப்பட்டு மாத்திச் சொல்லாத மச்சான்," என்று சொல்லிவிட்டு, ரீவைண்ட் பொத்தானை அமுக்கினான்.